தபசு மரத்தில் ஏழுமலையும் ஐந்தேகால் மணி மழையும்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு குரல் பதிவு போட்டால் வேலை முடிந்தது. ஏழு வருடமாக அப்படித்தான் வண்டி ஓடியது. ஆனால் மழை சொல்லும் நம் வாட்ஸ்அப் குழுவை இனி நடத்தப்போகிற நீங்கள் மூன்று பேரும், ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறீர்கள். குரல் பதிவு போட்டால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பீர்கள், அது எனக்குத் தெரியும். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன். அனுபவியுங்கள்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தேன். மூடினேன். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் செல்போன் கடை வைத்தேன். உங்களில் இரண்டு பேர் அதே இயற்பியலில் பட்டம் வாங்கியவர்கள். இருந்தும் இடிமழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், நாட்டின் கல்வி நிலைமைக்கு நான் பொறுப்பல்ல. முப்பத்தொரு வயதில் ஓய்வு பெறுகிறவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அடுத்த மாதம் மஸ்கட்டுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போகிறேன். அங்கே மழை எப்போதாவது எட்டிப் பார்த்தால் உண்டு. மழை சொல்கிறவனுக்கு அதைவிட நல்ல ஓய்வு ஏது?

நம் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பந்தல் போடுகிறவர்கள், மைக் செட்காரர்கள், கூத்து ஜமாக்கள், கொஞ்சம் விவசாயிகள். சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் திருவிழா. அதே மாதங்களில்தான் மத்தியானம் மேற்கே மலைப் பக்கம் மேகம் கட்டி, சாயங்காலம் நம் தலைமேல் வந்து கொட்டும். அரசின் வானிலை எச்சரிக்கை மாவட்டத்துக்கு வரும். அதில் ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த எச்சரிக்கை எந்த ஊர்ப் பந்தல் மேல் எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்து, தினம் இரண்டு மணிக்கு ஒரு குரல் பதிவு போடுவது மட்டும்தான் நம் வேலை. ராடார் படம் பார்ப்பதை நான் சொல்லித்தர மாட்டேன். என்னைவிட நன்றாகப் பார்க்கிறீர்கள், அந்தக் கடுப்பு எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

நான் முதலில் வாங்கிய அடியைச் சொல்கிறேன். ஒலக்கூர்ப் பக்கம் தர்பூசணி போட்டிருந்த ஒருவர், பழம் பெருத்துக் கிடந்த சமயத்தில் போன் செய்து, ஆலங்கட்டி விழுமா என்று கேட்டார். விழுந்தால் பழத்தில் தழும்பு விழும், அப்புறம் அதை மாடுதான் தின்னும். ராடார் படத்தில் சிவப்புக்கு நடுவே ஊதா தெரிந்தது, ஆலங்கட்டிக்கு அடையாளம் அது. ஆனாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, "வரலாம், வராமலும் போகலாம்" என்றேன். வந்தது. மறுநாள் அவர் கடைக்கே வந்தார். திட்டுவார் என்று பயந்து நான் கல்லாவுக்குக் கீழே எதையோ தேடினேன். அவர் திட்டவில்லை.

"நீ சொன்னது கரெக்டுதான் தம்பி. ரெண்டுல ஒண்ணு நடக்கும்னே. நடந்திடிச்சி. ஆனா அது என் மாட்டுக்கே தெரியுமே, அதுக்கு எதுக்கு உன் போனு?"

அன்றோடு வரலாமும் போகலாமும் என் வாயிலிருந்து ஒழிந்தன. சொன்னால் நேரத்தோடு, ஊரோடு சொல்வது என்று ஆரம்பித்தேன். நாலு மணிக்கு மயிலம், நாலரைக்குத் திண்டிவனம். பத்துக்கு எட்டு சரியாகவே விழுந்தது. குழுவில் எனக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர் வைத்தார்கள். வெளியே கோபம் மாதிரி காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கு அது பட்டம்தான். ஊதா நிறம் எனக்குக் கற்றுக்கொடுக்காததை இந்தப் பட்டம்தான் கற்றுக்கொடுத்தது, எப்படி என்று கேளுங்கள்.

ஏழுமலை என் பள்ளித் தோழன். இயற்பியல் புத்தகத்தை நான் மூடிய அதே வாரத்தில் அவன் வேதியியலை மூடினான். மற்ற மாதங்களில் சென்ட்ரிங் வேலை, திருவிழா மாதங்களில் கூத்தில் அர்ச்சுனன் வேஷம். நம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் தபசு மரம் ஏறுவது எப்படி என்று உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஐம்பது அடிக்குப் பனங்கம்பம் நட்டு, ஏறுவதற்குப் படிக்கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு ஆள் உட்காரப் பலகைத் தட்டு கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவான். உச்சியில் உட்கார்ந்து சிவனிடம் வரம் கேட்டுப் பாடுவான். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். அவன் மேலிருந்து எறியும் எலுமிச்சம்பழம் மடியில் விழுந்தால் பிள்ளை என்று நம்பிக்கை. மரத்தில் ஏறிவிட்டால் அவன் ஏழுமலை இல்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வரம் வாங்காமல் அவன் இறங்கவும் கூடாது.

கூட்டேரிப்பட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் ஒரு ஊர். அங்கே வழக்கமாக நாலரை மணிக்குத்தான் மரம் ஏறுவது. அன்று இரண்டு மணிக்கு நான் பதிவு போட்டேன்: ஐந்தேகாலுக்கு அந்த ஊரில் மழை, இடியோடு. கோயில் தர்மகர்த்தா குழுவில் இருக்கிறவர். மணிக்கூண்டு சொன்னால் சரியாக இருக்கும் என்று, ஏறுவதை மூன்றரைக்கு மாற்றினார். நாலு மணிக்கு உச்சி, நாலே முக்காலுக்குள் தரை. இடி கொஞ்சம் முந்தி வந்தாலும் அரை மணி நேரம் மிச்சம். என் பேச்சைக் கேட்டு ஒரு ஊரே சாமி காரியத்தை மாற்றியது அதுதான் முதல் தடவை. கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, பார்த்து ரசிக்க நானே போய்விட்டேன்.

ஏறுவதற்கு முன் கிரீடமும் வில்லுமாக நின்ற ஏழுமலை என்னைப் பார்த்துவிட்டான்.

"ஏன்டா மணிக்கூண்டு, டைமு கரெக்டா? இல்ல என்ன மேலயே கருவாடு காயப் போட்டுடுவியா?"

"காயறதுக்கு வெயிலு வேணும்டா. அஞ்சே காலுக்கு மழ. நீ எறங்கி, டீ குடிச்சிட்டு, சாவகாசமா நனையலாம்."

சிரித்துக்கொண்டே ஏறினான்.

நாலு மணி தாண்டி எட்டு நிமிடம். என் போன் அடித்தது. செஞ்சிக்கு அந்தப் பக்கம் ரோட்டோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. பெயரைப் போட்டால் கடைக்கு வந்து நின்று என்னைத் திட்டும், அதனால் வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்கு குரு என்று ஒருவர் உண்டென்றால் அந்த அக்காதான். ராடார் என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ஆனால் மேற்கே நடப்பதை நமக்கு முன்னால் பார்க்கிற கண் அது. பார்க்காததை ஒரு வார்த்தை சொல்லாது.

"டேய், மழ ஒரு சொட்டு இல்ல. வெறுங்காத்து. கடத் தகரத்த இஸ்துக்கினு போயிடிச்சி, புளியமரம் ரோட்டுல கெடக்குது. உங்க பக்கமாதான் போவுது. யாருக்கு சொல்லணுமோ ஜல்தியா சொல்லு."

நான் மேலே பார்த்தேன். ஏழுமலை உச்சித் தட்டில் உட்கார்ந்திருந்தான்.

இங்கேதான் நீங்கள் நிறுத்தி யோசிக்க வேண்டும். படத்தில் மழைக்கு நிறம் இருக்கிறது. மழைக்கு முன்னால் ஓடி வருகிற வெறுங்காற்றுக்கு, நான் பார்க்கிற படத்தில் நிறம் கிடையாது. நான் மழையின் நேரத்தைச் சொன்னேன். இடியைக்கூட நினைத்தேன். காற்றை நினைக்கவில்லை. ஊரார் மழையைக் கேட்டார்கள், நான் மழையைச் சொன்னேன், அவ்வளவுதான். அக்கா கடையிலிருந்து அந்த மரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். தகரத்தைத் தூக்கின காற்று வழியில் நின்று டீ குடித்துவிட்டு வராது. நாலு முப்பத்தைந்துக்கு வந்துவிடும். வழக்கப்படி நாலரைக்கு ஏறியிருந்தால் அவன் மரத்தடியில் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே புழுதி தெரிந்திருக்கும். ஏறியிருக்க மாட்டான். அவனைச் சரியாகக் காற்றின் நேரத்துக்கு ஐம்பது அடி உயரத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான்தான், என் துல்லியத்தோடு.

அந்தப் பதற்றத்தில் நான் செய்த முதல் வேலை, இருப்பதிலேயே மோசமான வேலை. கூட்டத்துக்குள் ஓடி, "டேய் ஏழுமல, எறங்குடா" என்று கத்தினேன். நாலு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். குடித்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். மேலே இருந்தவன் கண்டுகொள்ளவே இல்லை. சிவனைக் கூப்பிடும் ஒரு அடியைப் பாடிக்கொண்டிருந்தான். அதே அடியை மறுபடி பாடினான். மூன்றாவது தடவையும் அதையே பாடினான். அடுத்த அடியை மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று, அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தர்மகர்த்தாவிடம் போனேன். நல்ல மனிதர். மரத்தைச் சுற்றிப் படுத்திருந்த பெண்களில் அவருடைய மகளும் ஒருத்தி. காற்று வருகிறது, இறக்குங்கள் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"அஞ்சே காலுன்னு நீதானப்பா சொன்னே? இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குதே."

"அது மழைங்க. இது காத்துங்க."

"காத்துக்குப் பயந்து அர்ச்சுனன் எறங்கினாருன்னு ஊருக்குப் பேரு வரணுமா? வரம் வாங்காம எறங்கினா ஆவாது. அந்தப் பழிய நான் வாங்கிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் மேற்கே பார்த்தார். மகள் படுத்திருந்த பக்கம் பார்த்தார், மறுபடி மேற்கே பார்த்தார். நான் சொன்னதை அவர் நம்பாமல் இல்லை. நிறுத்தினவன் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது, அதுதான் அவருடைய கவலை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்வதை நம்பாதவர்கள் கொஞ்சம் பேர்தான். நம்பியும் நகர முடியாமல் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களிடம் ராடார் படத்தைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. நகர்வதற்கு ஒரு வழி காட்ட வேண்டும்.

எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் யாருக்குத் தெரியும் என்று தெரிந்தது. திரைக்குப் பின்னால் ஓடினேன். கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் உண்டு, கோமாளியும் அவர்தான், ராஜாவை அறிவிப்பவரும் அவர்தான். அர்ச்சுனனிடம், துரியோதனனிடம், யாரிடம் வேண்டுமானாலும் நின்று கிண்டலாகப் பேச அவருக்கு உரிமை உண்டு. அன்றைக்கு அந்த வேஷம் கட்டியவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார்.

"எவ்ளோ நேரம் இருக்குது?"

"இருவது நிமிஷம் கூட இல்லண்ணே."

"மரம் தாங்குமா?"

"தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னா எறக்கிடணும்."

பீடியை மிதித்து அணைத்துவிட்டு மைக்கை வாங்கினார். வரலாம், வராமலும் போகலாம் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டியவர் அவர்தான். முதலாவது என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்னது. இரண்டாவதை வைத்து ஒரு ஆள் முடிவெடுக்க முடிந்தது.

கட்டியங்காரர் ஆடிக்கொண்டே மரத்தடிக்குப் போய், மேலே பார்த்துக் கும்பிடு போட்டார்.

"ஐயா அர்ச்சுன மவராசா, கொஞ்சம் மேக்கால பாருங்க. உங்க நைனா தேவேந்திரன் வெள்ள யான மேல குந்திக்கினு வர்றாரு. பெத்த அப்பன் வர்றப்ப புள்ள மரத்து மேல குந்திக்கினு இருந்தா மரியாதையா இருக்குமா? எறங்கி வந்து கால்ல உழுங்க."

கூட்டம் சிரித்தது. இந்திரன் அர்ச்சுனனின் அப்பன். இடிக்கும் மழைக்கும் ராஜா. யாருக்குத் தெரியாது அந்தக் கதை? எனக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் உதிக்கவில்லை.

மேலிருந்து பதில் வந்தது. ஏழுமலை வசனத்தை இழுக்காமல் சட்டென்று கேட்டான். "கட்டியங்காரா, வரம் வாங்காமல் எப்படி இறங்குவேன்?"

"வரம் குடுக்கற சாமியே கீழ வந்து நிக்கறாரு, பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் தர்மகர்த்தா திரைப் பக்கம் ஓடிவிட்டார். வேடன் வேஷத்தில் வரவேண்டிய சிவனுக்கு அப்போதுதான் ஒரு கன்னம் பூசி முடிந்திருந்தது. மறு கன்னம் வெறுங்கன்னம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்தினார். பழி வராமல் இறக்க ஒரு வழி கிடைத்ததும் அந்த மனிதருக்கு வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரைமுகச் சிவன் கையைத் தூக்கி வரம் கொடுத்தார். ஏழுமலை மடியிலிருந்த எலுமிச்சம்பழம் மொத்தத்தையும் தூரமாக, பள்ளிக்கூடத்துப் பக்கம் வீசினான். படுத்திருந்த பெண்கள் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். மரத்தடி காலியானது. அவன் படிக்குப் பாட்டு இல்லாமல் இறங்கினான். தரையில் கால் வைத்தபோது மணி நாலு இருபத்தெட்டு.

நாலரைக்கு மேற்கே செம்மண் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் தள்ளிக்கொண்டு போனோம். நாலு முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, காற்று ஊருக்குள் நுழைந்தது. பந்தல் ஒரே இழுப்பில் போனது. தபசு மரத்தின் இழுவைக் கயிறு ஒன்று அறுந்து, மரம் சாய்ந்தபடி நின்றது. உச்சித் தட்டை மட்டும் காணோம். மறுநாள் மூன்று வயல் தாண்டி வேர்க்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

ஐந்தேகாலுக்கு மழை வந்தது, நெல்லிக்காய் பருமனில் ஆலங்கட்டியோடு. என் ஏழு வருடத்தில் அவ்வளவு துல்லியமாக நான் சொன்னதே இல்லை. ஒருவரும் பாராட்டவில்லை. நானும் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஏழுமலை முகப்பூச்சு வழிய உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் வழக்கம்போலக் கிண்டல்தான் செய்தேன்.

"ஒரே அடிய மூணு வாட்டி பாடினியேடா. மறந்துட்டியா?"

அவன் என் கையிலிருந்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு வெறும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்கு நான் வைத்த பெயர் 'மூணுவாட்டி அர்ச்சுனன்'.

அதற்குப் பிறகு என் இரண்டு மணிப் பதிவு மாறியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மழை எப்போது என்று கேட்பார்கள். காற்று எப்போது என்று முதலில் சொல்லுங்கள். காற்று வருமா என்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதையும் பதிவின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். அப்புறம் ஒரு கேள்வியை நீங்களே கேளுங்கள்: அந்த நேரத்தில் அந்த ஊரில் உயரத்தில் யார் இருப்பார்கள்? மைக் செட்காரன் கூம்பு ஸ்பீக்கர் கட்ட ஏறியிருப்பானா, சீரியல் பல்பு மாட்ட எவனாவது கோபுரத்தில் இருப்பானா? மழை எல்லோருக்கும் பொது. காற்று மேலே இருக்கிறவனைத்தான் முதலில் தேடும். மேற்கே ஒரு டீக்கடை அக்காவைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். நான் என் அக்காவின் நம்பரைத் தருகிறேன். ஆனால் மழை இல்லாத நாளிலும் போன் செய்து நலம் விசாரிக்க வேண்டும், அதுதான் வாடகை.

தப்பாகவும் போகும். போன வருடம் மண்டகப்பட்டில் ஒரு கல்யாணப் பந்தலின் மேல் தகரத்தையெல்லாம் கழற்றச் சொன்னேன். ஒரு இலைகூட அசையவில்லை. மாப்பிள்ளை வெயிலில் கறுத்துப் போய்விட்டார் என்று பெண் வீட்டார் இன்னும் சொல்கிறார்கள். அவர் அதற்கு முன்பே கறுப்புதான், போட்டோ இருக்கிறது. இந்த மாதிரிக் கிண்டலை வாங்கிக்கொள்ளத் தெம்பு இல்லாதவர் இந்த வேலைக்கு வரவேண்டாம். கழற்றிய தகரத்தைத் திரும்ப மாட்டிவிடலாம். நான் இன்றைக்கும் கழற்றத்தான் சொல்வேன்.

அவ்வளவுதான். நான் இல்லாவிட்டாலும் நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். பட்டம் வாங்கியும் கெட்டுப்போகாத பிள்ளைகளாகத்தான் தெரிகிறீர்கள்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன், பெயரைப் போட்டிருக்கிறேனே என்று ஏழுமலைக்கு அனுப்பி, உன்னைக் காப்பாற்றின கதையை எழுதியிருக்கிறேன், ஏதாவது தப்பு இருந்தால் சொல் என்று கேட்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது:

"பாட்ட மறக்கலடா, நீ போன்ல பேசிக்கினு இருந்தப்பவே மேக்கால புழுதி கெளம்பறத மேல இருந்து நான் பாத்துட்டேன், எறங்கறதுக்கு எவனாச்சும் ஒரு வார்த்த குடுப்பானான்னுதான் அந்த அடியையே பாடிக்கினு இருந்தேன்."